சாம்பிராணிக்குத் தப்பியது

சவுதியில் முதுகைக் கெடுத்துக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர், சாப்பாட்டுக்கும் குளியலுக்கும் தவிர நாலு மாதமாகக் கட்டிலைவிட்டு எழவில்லை. பேச்சும் குறைந்துபோனது. நானோ தென்காசி ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு, குற்றாலத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது கால் இரண்டும் என்னுடையதாகவே இருக்காது. சாரல் காலம் அது; கொடியில் காயாமல் கிடந்த என் சேலையில் ஏதோ பூச்சி முட்டையிட்டிருந்தது. உதறப் போனேன்.

"ஏட்டி, உதறாத. இங்கன கொண்டா, பாப்போம்" என்றார்.

நாலு மாதத்தில் அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். போனில் பார்த்து, கொய்யா இலை தின்னும் பெரிய சாதி அந்துப்பூச்சி என்றார். புழு வந்ததும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டார். இலை பறிக்க வேண்டியது நான். வேலைக்குப் போகுமுன் ஒருதரம், வந்தபின் ஒருதரம். கொய்யாமரம் பக்கத்து வீட்டு மயினியுடையது.

"புருசனுக்குப் பொங்கிப் போடவே நேரமில்லங்கா. புழுவுக்கு மட்டும் விருந்து நடக்குது" என்பாள். சொல்லிக்கொண்டே கொப்பை வளைத்தும் கொடுப்பாள்.

புழுக்கள் விரல் தடிமன் ஆன சமயம் ஒரு வெள்ளிக்கிழமை. தலைக்கு ஊற்றி, விளக்கேற்றி, வழக்கம்போல் சாம்பிராணி போட்டு மூலைமுடுக்கெல்லாம் காட்டினேன். கட்டிலுக்கடியிலும் காட்டினேன். அசதியில் கை அது பாட்டுக்குச் செய்தது. விடிந்து பார்த்தால் பெட்டியில் ஒன்றும் அசையவில்லை. அவர் ஏசவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஏசியிருக்கலாம்.

ரெண்டு நாள் கழித்து, இலை வாடாமலிருக்க ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்ப் புட்டியில் நான் செருகியிருந்த கொப்பில் புழு ஒன்று இலை தின்றுகொண்டிருந்தது. எப்போது ஊர்ந்து போனதோ! கொப்போடு கொண்டுவந்து அவர் தலைமாட்டில் வைத்தேன். எட்டிப் பார்த்தவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி வாசலோடு நின்றது.

அது இலையைச் சுருட்டிக் கூடு கட்டியது. ஒரு மாதம் போல ஆகியிருக்கும், நான் கடைக்குக் கிளம்புகிற நேரம் பார்த்து வெளியே வந்தது. சிறகு ஈரத்துணி மாதிரி சுருண்டிருந்தது. தொங்கினால்தான் விரியுமாம். காய்ந்த கொப்போ புட்டியோடு சாய்ந்து விழுந்தது. ஓடிப்போய்த் தூக்கிப் பிடித்தேன்.

"பஸ் போயிரும். நீ போ, நான் பிடிச்சிக்கிடுதேன்" என்று எழுந்து வந்து கொப்பை வாங்கிக்கொண்டார்.

"அது என்னங்க திங்கும்?"

"வாயே கிடையாதாம்."

"அப்ப சமைக்க வேண்டாம். நல்ல பிறவிதான்."

அன்று கடையில் எத்தனை சேலை விரித்து மடித்தேனோ, மனசு அந்தக் கொப்பிலேயே கிடந்தது. ஏழு மணிக்கு வந்து பார்த்தால் ஜன்னல் திறந்திருந்தது. அவர் கட்டிலில் குப்புறக் கிடந்தார்.

"விரிஞ்சிச்சா?"

"ஒரு சாண் இருக்கும் பாத்துக்கோ. இருட்டுததுக்கு முன்னால பறந்துட்டு. கொப்பப் பிடிச்சி நின்னே முதுகு போச்சுட்டி, தைலத்த எடு."

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தைலத்தைத் தேடப் போனேன்.