பொதுச்சுவரில் ஒரு ஸ்பீக்கர்

மதுரையில் வாங்கிய அந்த ஜோடி ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் சிவகாசி வந்து சேர்ந்தேன். மேலே கம்பியில் வைக்கச் சொன்ன கண்டக்டரை முறைத்தேன். மரப்பெட்டி, முன்னால் கறுப்புத் துணி, ஒவ்வொன்றும் தடித்த அகராதி ஒன்றை நிறுத்தி வைத்த உயரம். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று நான் வாங்கிய முதல் பொருள் அதுதான்.

நான் அப்போது ஓர் அச்சகத்தில் டிசைனர். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் செய்வேன், வருஷக் கடைசியில் காலண்டரும் டைரி அட்டையும். சீசன் நேரத்து இரைச்சலில் எனக்கு வேலை ஓடவில்லை என்று தினம் புலம்பியதைக் கேட்டுச் சலித்துப்போய், அச்சக முதலாளி ஒரு கம்ப்யூட்டரை என் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். அண்ணாச்சி என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். பின்பக்கம் பெருத்த பழைய மானிட்டர். இரண்டு ஆள் சேர்ந்து தூக்கி வந்தார்கள்.

நாரணாபுரம் போகும் பாதையில், ஒரே வரிசையாகக் கட்டிய ஆறு வீடுகளில் எங்களுடையது கடைசிக்கு முந்தியது. இரண்டு அறை. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் மிக்சி ஓடினால் இந்தப் பக்கம் என்ன சட்னி என்று சொல்லிவிடலாம். பிளக் பாயிண்ட் அந்தச் சுவரில்தான் இருந்தது என்பதால் மேஜையையும் அதை ஒட்டியே போட்டேன். மேஜைக்குப் பக்கத்தில், அதே சுவரோரமாக, என் மகளின் மெத்தை. அவளுக்கு அப்போது பத்து மாதம்.

ஸ்பீக்கர்களை மானிட்டரின் இரு பக்கமும் வைத்து, பாட்டுக் கேட்டுக்கொண்டே ஒரு வாரம் வேலை பார்த்தேன். அந்த வாரம் செய்த லேபிள் ஒன்றில் கம்பி மத்தாப்பு பிடித்துச் சிரிக்கும் குழந்தை. அச்சாகி வந்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்ப்பா, பிள்ளைக்கு மஞ்சக்காமாலையா?”

குழந்தையின் கன்னம் அப்படித்தான் இருந்தது. ஸ்பீக்கருக்குள் இருக்கும் காந்தம் மானிட்டரின் ஓரங்களில் நிறத்தை மாற்றிவிட்டது. திரையில் கன்னம் சிவந்து தெரிந்ததால், சிவப்பைக் குறைத்துக் குறைத்து நான்தான் காமாலை வரவைத்திருக்கிறேன். நிறத்தின் சதவீதக் கணக்கைப் பார்த்து வைக்காமல் கண்ணை நம்பிய என் திமிருக்குக் கிடைத்த பலன். தாள் மொத்தமும் வீண். அண்ணாச்சி அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மானிட்டரைப் பழுது பார்ப்பவர் வந்து, ஸ்பீக்கரை இரண்டடியாவது தள்ளி வைக்கச் சொன்னார். மேஜையில் அவ்வளவு இடம் கிடையாது. தரையில் வைத்தால் சத்தம் முழங்காலுக்குத்தான் கேட்கும். காது உயரத்தில், மேஜைக்கு இரு பக்கமும் தள்ளி, சுவரில் மாட்டுவது ஒன்றுதான் வழி. எல் வடிவ இரும்பு ஆங்கிள் நான்கும், சின்னப் பலகை இரண்டும் வாங்கினேன். அச்சகத்து எலக்ட்ரீஷியனிடம் டிரில் மிஷினை இரவல் வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் துளை பாதி இறங்கியிருக்கும். வாசலில் பக்கத்து வீட்டு அக்கா வந்து நின்றாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், அதிர்ந்து பேசத் தெரியாதவள். அவள் வீட்டுக்காரர் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஏதோ சோதனை என்று அந்தக் கம்பெனியைப் பூட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆறாவது படிக்கும் ஒரு மகள்.

“தம்பி, கொஞ்சம் நிறுத்துறீகளா? பிள்ளைக்குக் காச்சல்.”

“அஞ்சு நிமிசம் க்கா. முடிஞ்சுரும்.”

அவள் மேலே ஏதோ சொல்ல வந்தாள். நான் மிஷினை ஓட்டிவிட்டேன். இரண்டு துளை போட்டு, மரக்கட்டை அடைத்து, சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, ஸ்க்ரூ முடுக்கி, இடது ஸ்பீக்கரை மாட்டி முடித்துப் பெருமையோடு வெளியே வந்தால், தெருக்கோடி வேப்பமரத்தடியில் அந்தக் குடும்பமே நிற்கிறது. அக்கா, அவள் வீட்டுக்காரர், காய்ச்சல் என்று சொல்லப்பட்ட மகள். அந்தப் பிள்ளை ஒற்றைக்காலில் நொண்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு துளை போட்டதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா, ஊரைக் கூட்டிக் காட்டுகிறார்களா என்று மனைவியிடம் கத்தினேன். அவள் மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் முழுக்க ஒரு ஸ்பீக்கர் சுவரில், இன்னொன்று தரையில். பாடுபவர் தலைக்கு மேலும் வயலின் காலடியிலும் கேட்டது. கேட்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டின் மேல் எரிச்சல் கூடிக்கொண்டே போனது.

அடுத்த ஞாயிறு மிஷினைக் கையில் எடுக்கும் முன்பே அக்கா வந்துவிட்டாள்.

“இன்னைக்கு வேண்டாம் தம்பி. நாள் நல்லா இல்ல.”

“போன வாரம் காச்சல், இந்த வாரம் நாள் நல்லா இல்லையா? அந்தச் சுவத்துல பாதி என்னோடது க்கா. என் பாதியிலதான் ஓட்டை போடுறேன். பிடிக்கலைன்னா வீட்டு ஓனர்கிட்டப் போய்ச் சொல்லுங்க.”

இன்னும் என்னென்னவோ சொன்னேன். மகாராணி என்றுகூடச் சொன்னேன். அவள் உள்ளே போனாள், கணவனையும் மகளையும் அழைத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய் நின்றாள். நான் வேண்டுமென்றே கதவை விரியத் திறந்து வைத்து மிஷினை ஓட்டினேன். சுவருக்குள் கம்பி இறங்கும்போது சத்தம் சட்டென்று நின்றது. மனைவி பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தாள். இடுப்பில் குழந்தை.

“ஏங்க, அவுக மூணு பேரு கால்லயும் செருப்பு இல்ல. போன வாரமும் இல்ல. பாத்தீகளா?”

“செருப்பு இல்லாட்டி எனக்கென்ன?”

“வெள்ளிக்கிழமை விளக்கை வாசல்ல கொண்டாந்து வைக்கிறாக. சமையல் புறவாசலுக்குப் போயிருச்சு. அந்த அண்ணன் ஒரு பீடி குடிக்கணும்னா டீக்கடை வரைக்கும் நடக்காரு. நேத்து அந்தப் பிள்ளை நம்ம பாப்பாவைத் தூக்குச்சு. நகக்கண்ணுல வெள்ளிக் கலர்ல மினுங்குது.”

என் மனைவி கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் பட்டாசுக் கம்பெனி வேனில் வேலைக்குப் போய் வந்தவள். அலுமினியப் பொடி நகக்கண்ணில் ஏறினால் லேசில் போகாது என்று அவளுக்குத் தெரியும். வெடிமருந்து இருக்கும் அறைக்குள் செருப்போடு போகக்கூடாது என்பதும், இரும்பை இரும்போடு உரசக்கூடாது என்பதும், தட்டக்கூடாது என்பதும் தெரியும். எனக்கும் தெரியும். இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? தெரிந்தும், என் கோபம் கண்ணை மறைத்துவிட்டது.

கையிலிருந்த மிஷினைப் பார்த்தேன். அதன் நுனிக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே மிச்சமிருந்தது எத்தனை விரல்கடை என்று தெரியவில்லை. மகளின் மெத்தையை எடுத்து அடுத்த அறையில் போட்டோம். அந்த அறைக்கும் இந்தச் சுவருக்கும் பத்தடி தூரம்கூட இல்லை என்பது போட்ட பிறகுதான் உறைத்தது.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனேன். அக்கா நிலைப்படியை மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளே கூப்பிடவில்லை.

“எவ்வளவு க்கா இருக்கு?”

என்ன என்று கேட்கக்கூட இல்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

“கம்பெனியைப் பூட்டிட்டாகல்ல தம்பி. போர்மேன் வந்து, ஆர்டர் நிக்கி, வீட்ல வச்சுச் செஞ்சு குடுங்கன்னாரு. அந்தச் சுவத்துலதான் தட்டு இருக்கு. அதுலதான் மருந்தை வச்சிருக்கோம். நீங்க அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் எனக்கு ஈரக்கொலை நடுங்குது.”

“எம் பிள்ளை அந்தச் சுவத்து ஓரத்துல தூங்குது க்கா.”

“எம் பிள்ளையும் அங்கனதான் தம்பி படுக்குது.”

கோபப்பட எவ்வளவோ முயன்றேன். வரவில்லை. வேண்டாத இடத்திலெல்லாம் வரும் கோபம் அன்று என்னைத் தனியாக விட்டுப் போய்விட்டது.

“தீவாளி வரைக்கும்தான். யாருகிட்டயும் சொல்லிராதீக. அவரைப் பிடிச்சுட்டுப் போயிருவாக. போர்மேனை ஒண்ணும் செய்ய மாட்டாக.”

“சரி க்கா” என்றேன். அந்தச் சரியை நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ஸ்டேஷனுக்குப் போகலாமா என்று ஒருநாள் பாதி தூரம் சைக்கிளை மிதித்தேன். போனால் அந்த மனிதருக்கு விலங்கு, அக்காவுக்கும் பிள்ளைக்கும் தெரு. போகாவிட்டால் ஆறு வீடும் ஒரு நொடியில் இல்லாமல் போகலாம். திரும்பி வந்து மானிட்டர் முன்னால் உட்கார்ந்து இன்னொரு லேபிளுக்குச் சிவப்புச் சேர்த்தேன். பக்கத்து வீட்டில் உருவாவது எந்தப் பெட்டிக்குள் போகும், அதன் மேல் யார் செய்த லேபிள் இருக்கும் என்று நினைப்பு ஓடியது. வலுக்கட்டாயமாக நிறுத்தினேன். பயந்தேன், வெட்கப்பட்டேன், கடைசியில் எல்லோரும் செய்வதைச் செய்தேன். வேறு வீடு பார்த்தேன்.

பத்து நாளில் கிடைத்துவிட்டது. அந்தப் பத்து நாளும் நாங்கள் பேச்சைத் தாழ்த்தித்தான் பேசினோம், ஏதோ சத்தத்தால் மட்டும்தான் ஆபத்து வரும் என்பது போல. குழந்தை கரண்டியால் தட்டைத் தட்டினால் இருவரும் ஓடிப்போய்ப் பிடுங்கினோம். சுவரில் இருந்த ஸ்பீக்கரை மனைவி கீழே நின்று ஏந்திக்கொள்ள மெல்ல இறக்கினேன். ஆங்கிளைக் கழற்றவில்லை. ஸ்க்ரூவைத் திருப்பும் தைரியம் இல்லை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தீபாவளி வந்தது, போனது. கம்பெனியைத் திறந்து விட்டார்கள், அக்காவின் வீட்டுக்காரர் பழையபடி வேனில் போக ஆரம்பித்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். இதனால் நான் செய்தது சரி என்று ஆகிவிடாது. ஒன்றும் ஆகாததற்கு நான் காரணமில்லை.

காலி செய்த அன்று, சாமான்களை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே புதிதாகக் குடிவருகிறவர்கள் வந்துவிட்டார்கள். வீட்டு ஓனர் சாவியை அவர்களிடமே கொடுத்துவிடச் சொல்லியிருந்தார். திருத்தங்கல் பக்கத்திலிருந்து வரும் இளம் தம்பதி. அவன் பைண்டிங்கில் வேலை பார்க்கிறவன். அவள் தோளில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அவன் சுவரிலிருந்த ஆங்கிளைத் தட்டிப் பார்த்தான்.

“அண்ணே, வசதியாப் போச்சு. அந்தப் பக்கமும் ரெண்டு அடிச்சா டிவிக்குப் பலகை போட்டுரலாம்.”

“சுவர் உதிருது தம்பி. ஆணி கீணி எதுவும் அடிச்சிராதீக” என்றேன். இதைச் சொன்னதும் மூச்சு கொஞ்சம் இலேசானது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாகக்கூட ஒரு நினைப்பு வந்தது. வெட்கமில்லாத மனது.

அவன் மனைவி அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அந்தச் சுவரோரமாகப் போய் நின்றாள். “பாப்பாவை இங்கன போட்டுக்கலாம். வெயில் வராது, குளுகுளுன்னு இருக்கு.”

“சன்னல் பக்கம் போடுங்கம்மா. காத்து வரும்.”

“அங்கன வெயிலு மூஞ்சியில அடிக்குமேண்ணே.”

வாசலுக்கு வெளியே பக்கத்து வீட்டு அக்கா நின்றிருந்தாள். புது ஆட்களுக்குக் குடிக்க ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்திருந்தாள். உள்ளே பேசியது அவள் காதில் விழுந்திருக்கும். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். நான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவளும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் சாவியை அந்தப் பையனின் கையில் கொடுத்தேன்.

ஆட்டோ கிளம்பியது. மடியில் இரண்டு ஸ்பீக்கர்களோடு நான் டிரைவருக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் மனைவி, அவள் தோளில் மகள். பஸ் ஸ்டாண்ட் தாண்டியதும் அவள் கேட்டாள்.

“அந்தக் கைப்பிள்ளை பேரு என்னன்னு கேட்டீகளா?”

“கேக்கல.”

“நானும் கேக்கல” என்றாள்.