மாவு மில்லில் ஃபிரேஸ் பாடம்

கல்யாணப் பத்திரிகையில் ஆங்கிலப் பிழை இருந்தால் எனக்கு விருந்துச் சாப்பாடு இறங்காது. இருபது வருடமாகப் பள்ளியில் ஆங்கில இலக்கணம் நடத்துகிறவளுக்கு வந்து சேர்ந்த வியாதி இது. கணபதி என்கிற எங்கள் பகுதியில், தெருக் கடைகளின் பெயர்ப் பலகைகளை எல்லாம் மனதுக்குள் திருத்தி முடித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் என்னோடு கடைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். அவர் முழங்கால் வலி என்கிறார்.

இப்படிப்பட்ட என்னை நம்பி மாவு மில்லுக்கார அக்கா ஆங்கிலம் படிக்க வந்தார். வந்தார் என்பதுகூடப் பிழை. ராகி அரைக்கப் போன என்னைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டார். எங்கள் தெருமுனையில் மில் வைத்திருப்பவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வீட்டுக்காரர் இறந்த பிறகு ஒற்றை ஆளாக மில்லை ஓட்டி மகனைப் படிக்க வைத்தார். மகன் புனேயில் வேலைக்குப் போய், அங்கேயே ஒரு மராத்திப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது.

"ஏனுங்க டீச்சர், எனக்குக் கொஞ்சம் இங்கிலீசு சொல்லிக் குடுங்க. அந்தப் புள்ளகிட்ட நானாப் பேசோணும்" என்றார்.

"அதான் தம்பி இருக்காரே, அவரு எடுத்துச் சொல்ல மாட்டாருங்களா?"

"அவனா? நான் போன்ல பத்து நிமிசம் பேசறனுங்க. அங்க குளிருக்கு என்ன போத்திக்கறே, மொளகாத்தூளு காரமா இருந்துச்சா, ஆபீசுக்குப் போறப்பச் சாப்புட்டுட்டுப் போறியான்னு அத்தனையுங் கேக்கறேன். அவன் அந்தப் புள்ள பக்கம் திரும்பி, 'அம்மா ஆஸ்கிங் ஹவ் ஆர் யூ'ங்கறான். அவ்வளவுதானுங்க. என்ற பேச்சையெல்லாம் சலிச்சுபோட்டு ஒரு சிட்டிகை குடுக்கறான்."

இதற்கு மேல் மறுக்க முடியவில்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல் மில்லில் கூட்டம் இருக்காது. சனிக்கிழமைகளில் அந்த நேரத்தில் பாடம் என்று முடிவானது. கூட்டம் இருக்காது என்று அவர் சொன்னாரே தவிர, யாராவது ஒருவர் கோதுமைத் தூக்கோடு வந்துவிடுவார். மெஷின் ஓடும் சத்தத்துக்கு மேல் நான் கத்தி இலக்கணம் நடத்துவேன். அரைக்க வந்தவர்கள் நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்து விலக்கிவிட வந்ததும் உண்டு.

வாக்கியத்தில் தொடங்காமல் ஃபிரேஸில் தொடங்கினேன். வயதானவர்கள் வினைச்சொல் வாய்ப்பாட்டைக் கண்டால் ஓடிவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

"அக்கா, ஃபிரேஸுன்னா முழு வாக்கியம் இல்லீங்க. சில வார்த்தைக ஒண்ணாச் சேர்ந்து நிக்கும். எல்லாஞ் சேர்ந்து ஒரே வார்த்தையோட வேலையத்தான் செய்யும்."

"நாலு பேரு சேர்ந்து ஒராளு வேலையச் செய்யறதுங்களா?"

"ஆமாங்க."

"எங்க பங்காளிக அப்படித்தானுங்க" என்றார். இதைவிட நல்ல விளக்கம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. திங்கட்கிழமையே என் எட்டாம் வகுப்பில் இதைச் சொந்தச் சரக்காகப் பயன்படுத்திக்கொண்டேன்.

நவுன் ஃபிரேஸ் அவருக்கு உடனே பிடித்துவிட்டது. 'மை சன்ஸ் வொய்ஃப்' என்று மூன்று வார்த்தை சேர்ந்து ஒரு பெயர்போல நிற்கும், 'மருமகள்' என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதை அவர்கள் இப்படி நீட்டுவார்கள் என்றேன். "அதுல என்ற பையன் எதுக்குங்க நடுவுல வாரான்?" என்று கேட்டார். நடுவில் வரும் மகனை நீக்கத்தானே பாடமே தொடங்கியிருக்கிறோம்.

பிரெப்பொசிஷனல் ஃபிரேஸ்தான் படுத்தியது. நாம் 'மில்லுல', 'மெஷின்ல' என்று உருபைப் பின்னால் ஒட்டுவோம். அவர்கள் 'இன்' என்ற சொல்லை முன்னால் நிறுத்தி, 'இன் தி மில்' என்பார்கள். அது பெயரை ஒட்டி நின்றால் எந்தப் பெயர் என்று அடையாளம் காட்டும். வினையோடு சேர்ந்தால் எங்கே, எப்போது, யாருக்காக என்று சொல்லும். ஆகவே எதை விளக்குகிறதோ அதற்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அக்கா தலையாட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமையே மருமகளுக்கு போன் போட்டு, "ஐ கிரைண்ட் சில்லி ஃபார் மை சன் இன் தி மெஷின்" என்று சொல்லிவிட்டார். மெஷினில் மிளகாய் அரைத்தேன் என்று சொல்ல நினைத்தது, மெஷினுக்குள் இருக்கிற மகனுக்காக அரைத்தேன் என்று போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் சிரித்த சிரிப்பு மில் வாசல்வரை கேட்டதாம். அக்காவுக்கு ஒரே சந்தோஷம். மகன் மொழிபெயர்த்த ஒரு வருடத்தில் அவள் ஒருமுறைகூட இப்படிச் சிரித்ததில்லை என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இருவரும் தனியாகவே பேசினார்கள். மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் இருந்தது வசதியாகப் போயிற்று. அக்கா எல்லாச் சொல்லோடும் எங்கள் ஊர் 'ங்க'வைச் சேர்த்தே பேசுவார். 'எஸ்ங்க', 'குட்மார்னிங்ங்க'. அதை மட்டும் திருத்த எனக்கு மனம் வரவில்லை. மரியாதையை எப்படி அடித்துத் திருத்துவது?

அடுத்து வெர்ப் ஃபிரேஸ். முக்கிய வினைக்குத் துணையாக இன்னொரு வினை சேர்ந்து நிற்பது என்று சொல்லி, 'ஆம் ஈட்டிங்', 'ஆம் கிரைண்டிங்' என்று வரிசையாக எழுதிக் கொடுத்தேன். இதை அவர் உடனே சரியாகப் பிடித்துக்கொண்டார். போனை வைக்கும்போது என்ன சொல்லி முடிப்பீர்கள் என்று கேட்டதற்கு, "ஐ ஆம் கமிங், கண்ணு" என்றார். எழுவாய் சரி, துணைவினை சரி, முக்கிய வினையின் வால்கூடச் சரி. நோட்டில் பெரிய டிக் போட்டு 'வெரி குட்' என்று எழுதினேன். அந்த நோட்டு முழுவதிலும் நான் 'வெரி குட்' போட்டது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

இரண்டு மாதம் கழித்துக் காற்று மாறியது. மருமகள் பேச்சில் பழைய கலகலப்பு இல்லை என்று அக்கா சொல்ல ஆரம்பித்தார். கேட்டதற்கு மட்டும் பதில் வருகிறதாம். பிறகு ஒரு ஞாயிறு போனை எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை. சனிக்கிழமை நான் போனபோது அக்கா மெஷினை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், நான் என்னமோ தப்பாப் பேசிப்போட்டனுங்க. நீங்க சொல்லிக் குடுத்ததைத்தானே பேசினேன். எதுல தப்புன்னு பாத்துச் சொல்லுங்க" என்று நோட்டை நீட்டினார். குரலில் மரியாதை குறையவில்லை. ஆனால் கோபம் என்மேல்தான் என்று தெரிந்தது.

நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து வரி வரியாகப் பார்த்தேன். இடம் மாறிய ஃபிரேஸ்கள் பதினொன்று கிடைத்தன. ஒவ்வொன்றையும் அம்புக்குறி போட்டு உரிய இடத்துக்கு நகர்த்தினேன். டிக் போட்ட வாக்கியத்தை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரியாக இருக்கிற வாக்கியத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

அடுத்த நாள் நான் நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, ஷிஃப்ட் நடுவிலேயே மகன் போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டு என்னையும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏம்மா, வாரேன் வாரேன்னு சொல்லி அவளை எதுக்கு ஏமாத்தறே?" என்று மகன் கேட்டார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் மாமியார் 'ஐ ஆம் கமிங்' என்று சொல்லிப் போனை வைக்கிறார். கிளம்பிவிட்டார் என்றே அந்தப் பெண் எடுத்துக்கொண்டிருக்கிறாள். வீட்டைத் துடைத்து, அக்கா அனுப்பியிருந்த சென்னிமலை பெட்ஷீட்டைப் புதிதாக விரித்து, காரம் போட்டு மாமியாருக்குப் பிடித்த மாதிரி சமைத்துப் பழகியிருக்கிறாள். அத்தை நேராகத் தன்னிடமே சொன்ன ரகசியம், புருஷனுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அவரிடமும் சொல்லவில்லை. எட்டு ஞாயிறு இப்படிக் காத்திருந்தவளுக்கு, இவர்களுக்கு நம் வீட்டுக்கு வர இஷ்டமில்லை, சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்கிறார்கள் என்று தோன்றிவிட்டது. அழுதுகொண்டே சொன்னாளாம்.

அக்கா என்னைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் விடைபெறும்போது 'போறேன்' என்று யாரும் சொல்ல மாட்டோம். வாசலைத் தாண்டிப் போகிறவரும் 'வாரேன்' என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். அக்கா அதைத்தான் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். நானும் தினமும் பள்ளிக்குக் கிளம்பும்போது 'வாரேன்' என்று சொல்கிறவள்தான். அதனால்தான் அந்த வாக்கியம் என் காதில் உறுத்தவே இல்லை. பதினொரு பிழைகளும் அந்தப் பெண்ணைச் சிரிக்க வைத்திருக்கின்றன. நான் 'வெரி குட்' போட்டது அவளை அழ வைத்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது.

பரிகாரமாக அன்று மாலையே, அக்கா போனில் வாசிக்க ஒரு ஆங்கில மன்னிப்புக் கடிதத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். 'நாட் நோயிங் தி டிஃபரன்ஸ்' என்று பார்ட்டிசிபியல் ஃபிரேஸில் தொடங்கி, 'டு எக்ஸ்பிரஸ் மை ரிக்ரெட்' என்று இன்ஃபினிட்டிவ் ஃபிரேஸில் முடியும். கடிதத்தில் ஒரு கமா குறை கிடையாது. அக்கா எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "இது யாரு பேசறதுங்க?" என்று கேட்டார்.

"நீங்கதானுங்க அக்கா."

"நான் இப்படிப் பேச மாட்டனுங்க" என்று மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். பிறகு போனை எடுத்து மருமகளை அழைத்தார். மூன்றாவது தடவைதான் எடுத்தாள்.

"கண்ணு, சாரிங்க கண்ணு. மை கமிங், நோ கமிங். மை கமிங் ஈஸ் கோயிங்."

"வாட்?" என்று அந்தப் பக்கம் கேட்டாள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒன்று ஓடியது. 'மை கமிங்' என்பது ஜெரண்ட் ஃபிரேஸ்; வினையிலிருந்து பிறந்து பெயராக நின்று எழுவாய் வேலை பார்ப்பது. நான் அதை நடத்தவே இல்லை. இந்த நேரத்திலும் எனக்கு இதுதான் தோன்றுகிறது என்றால் நான் எப்படிப்பட்ட ஆள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா மறுபடி முயன்றார். "வீ நோ சே கோயிங், கண்ணு. கோயிங் பேட் வேர்ட். ஆல் டைம் சே கமிங். மீனிங், பை."

மெதுவாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிப்பு நடுவிலேயே உடைந்தது. "பட் ஐ கெப்ட் யுவர் ரூம் ரெடி" என்றாள். "எவ்ரி சண்டே."

அக்கா போனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "யுவர் ரூமுன்னா, எனக்குன்னே ஒரு ரூமுங்களா?"

மில்லுக்குப் பின்னால் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே கட்டில் போட்டுத் தூங்குகிறவர் கேட்கிறார். ஆமாங்க அக்கா என்று மட்டும் சொன்னேன். இலக்கணம் எதுவும் வாயில் வரவில்லை.

"வென் ஆர் யூ கமிங்?" என்று அவள் கேட்டாள். மில்லை யார் பார்ப்பது, கரண்ட் பில் யார் கட்டுவது, தீபாவளிக்கு முறுக்கு மாவு அரைக்க வருகிறவர்கள் திரும்பிப் போவார்களே என்று அக்காவின் முகத்தில் ஒவ்வொன்றாக ஓடியது. மில் பூட்டி நான் பார்த்ததே இல்லை. சொந்தக்காரர் கல்யாணம் என்றாலும் மதியச் சாப்பாட்டோடு திரும்பிவிடுவார்.

"ஃபிரைடேங்க" என்றார்.

வியாழக்கிழமை காலை ரயிலுக்குப் போகுமுன் ஷட்டரில் ஒட்ட ஒரு அட்டை எழுதித் தரச் சொன்னார். தமிழில்தான். 'மகன் வீட்டுக்குச் செல்வதால் பத்து நாட்கள் மில் விடுமுறை' என்று எழுதினேன். 'மகன் வீடு' என்றுதான் எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வோம், யாரும் யோசிப்பதில்லை. அக்கா அட்டையை வாங்கி வாசித்தார். பேனாவைக் கேட்டார். 'மகன்' என்ற சொல்லை அழுத்தமாக அடித்து, மேலே 'மருமகள்' என்று கோணல் கோணலாக எழுதினார்.

"இப்பச் சரியா இருக்குதுங்க" என்று சொல்லி, அட்டையை ஒட்டிவிட்டு ஷட்டரை இழுத்துப் பூட்டினார்.