பரிசீலனை அண்ணன்

"இந்த மாசம் புதுசா ஒரு லேப்டாப் விட்டிருக்கான், பார்த்தீங்களா?" என்று கேட்பார் சலூன்காரர், கத்தியைத் தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பார்த்தேன் என்று தலையாட்டவும் முடியாது, பார்க்கவில்லை என்று வாயைத் திறக்கவும் முடியாது. கண்ணை உருட்டுவது ஒன்றுதான் வழி. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். விலை குறைவுதான், ஆனால் நினைவகமும் குறைவு. திரை பரவாயில்லை, வெளிச்சம் பட்டால் ஒன்றும் தெரியாது. பேட்டரி, காலையில் வேலைக்குப் போய் மத்தியானமே வீடு திரும்பிவிடும் ரகம். இடது கன்னம் முடிவதற்குள் கணினி முடிந்துவிடும். வலது கன்னத்துக்கு மியூசிக் பிளேயர்.

சலூனில் இரண்டு நாற்காலிகள். மற்ற சலூன்களில் விதவிதமான தலைகளின் படங்கள் ஒட்டியிருக்கும் இடத்தில், இவர் கணினிக் கடைத் துண்டுப் பிரசுரங்களை ஒட்டியிருக்கிறார். புது விலை வந்தால் பழைய விலையைக் கிழிக்க மாட்டார், அதன் மேலேயே ஒட்டுவார். கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் போட்டதுபோல் காகிதம் தடித்துக் கிடக்கிறது. அதன் நடுவே முகம் பார்த்துக்கொள்பவருக்குத் தானும் தள்ளுபடியில் கிடைக்கிறோமோ என்று சந்தேகம் வரும். இத்தனை இருந்தும் மனிதர் சொந்தமாக ஒரு கணினி வாங்கியதில்லை. கடையில் பாட்டுக்கு இருப்பது, தட்டினால் பாடும் ஒரு பழைய ரேடியோ.

அவருடைய பரிசோதனை முறைகள் அலாதியானவை. வார விடுமுறையன்று கணினிக் கடைக்குப் போவார். காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பின் மூடியைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்து மூடிக் கேட்பார். "கத்தரிக்கோலுக்கு உசுரு திருகுல இருக்கு, இதுக்கு இந்தக் கீல்ல இருக்கு. தொளதொளன்னு இருந்தா விழுந்துடும், விறைப்பா இருந்தா உடைஞ்சிடும்" என்பார். பிறகு மணிக்கட்டு படியும் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவுவார், கத்தியின் பதம் பார்ப்பதுபோல. விற்பனையாளர் ஆரம்பத்தில் குடிக்கத் தண்ணீர் எல்லாம் கொடுத்தார். இப்போது தூரத்தில் இருந்தே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறார்.

இன்னொரு முறையும் உண்டு. வாடிக்கையாளர்களின் பிடரி. ஒரு மாடல் ஊருக்குள் வந்து கொஞ்ச நாள் ஆனதும், முடி வெட்டும்போது பிடரியைப் பார்த்தே அதன் திரை எப்படி என்று சொல்வார். "கழுத்து ஆமை மாதிரி முன்னால வந்திருக்கு. அந்தச் சின்னத் திரைதானே வாங்குனீங்க?" என்று ஒருவரைப் பிடித்துக்கொண்டார். அவர் மளிகைக் கடைக்காரர். கணினியைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர். தலையணை மாற்றியதில் கழுத்து சுளுக்கியிருந்தது. "அப்போ தலையணைதான் சரியில்ல. எந்தக் கம்பெனி?" என்று விடாமல் கேட்டார் நம் ஆள்.

ஒரு காலத்தில் அவர் பட்டென்று தீர்ப்புச் சொல்கிறவராக இருந்தார். வாங்கு, வாங்காதே, இரண்டில் ஒன்று. அந்தத் தைரியத்தைக் குலைத்தது கட்டைவிரல் அளவு மியூசிக் பிளேயர் ஒன்று. மலிவு விலையில் புதிதாக வந்ததும், வாடிக்கையாளர் ஒருவரிடம் இரவல் வாங்கிச் சலூனில் வைத்தே கேட்டார். மேலே மின்விசிறி கடகடத்தது, பக்கத்து நாற்காலியில் முடி உலர்த்தும் கருவி இரைந்தது, வாசலில் லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது. அத்தனைக்கும் நடுவில் பாட்டு இனித்தது. "தேன்! கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்று அறிவித்துவிட்டார். தெருவில் பாதிப்பேர் வாங்கிவிட்டார்கள்.

வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. எந்தப் பாட்டைப் போட்டாலும் பின்னால் ஓர் 'உஸ்ஸ்ஸ்'. சலூன் இரைச்சலில் அது மறைந்துபோயிருக்கிறது. "அண்ணே, பாட்டுக்குப் பின்னால யாரோ குக்கர் வெச்சிருக்காங்க, எப்ப விசில் வரும்னு மனசு அங்கேயே போகுது" என்று தையற்காரர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு கூட்டமே நின்றது. இவர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், அறைக்குள் உட்கார்ந்து கேட்டுப் பார்த்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வாங்கியவர்களுக்கெல்லாம் கொஞ்ச காலம் இலவசமாக முடி வெட்டினார். அவருடைய மனைவியின் அண்ணன், காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரியாக இருப்பவர், அன்றிலிருந்து அவரை "வாங்க, உஸ்ஸு மாப்ள" என்றே வரவேற்றார்.

அதோடு தீர்ப்புகள் நின்றுபோயின. யார் என்ன கேட்டாலும் ஒரே பதில்: "பரிசீலனையில வெச்சிருக்கேன்." கல்லூரிக்குப் போகும் மகளுக்குக் கணினி வேண்டும் என்று ஒரு தகப்பன் வந்து கெஞ்சினாலும் பரிசீலனைதான். கேட்டவருக்கு முடி வளர்ந்து மறுபடி வெட்ட வந்தாலும் பரிசீலனை முடிந்திருக்காது. தெரு அவருக்குப் பரிசீலனை அண்ணன் என்று பெயர் வைத்தது. அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

இப்படி வழுக்கிக்கொண்டு போன மனிதரை அவருடைய மனைவிதான் ஒரு நாள் பிடித்து நிறுத்தினார். அந்த அம்மா பல வருடம் ஆஸ்பத்திரி ஒன்றில் தட்டச்சராக இருந்தவர். தட்டச்சுப் பிரிவையே மூடிவிட்டதால் வீட்டுக்கு வந்து, சலூன் துண்டுகளைத் துவைத்து மடித்துக்கொண்டிருந்தார். மடிக்கும்போது விரல்கள் துண்டின் மேல் தாளம் போடும். அது தாளம் இல்லை, தட்டச்சு என்று கணவருக்குத் தெரியும். தெரிந்தும் என்ன செய்வது என்று தெரியாத வருத்தம் அவருக்குள் கிடந்தது.

அந்த அம்மாவுக்கு வேலைக்கான அழைப்பு ஒன்று வந்தது. மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு, வீட்டிலிருந்தே அடித்துக் கொடுக்க வேண்டும். சொந்தக் கணினி அவசியம். ஒரு வாரம் சோதனை வேலை, அதில் தேறினால்தான் நியமனம். தவறினால் வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"என்னங்க, ஊருக்கெல்லாம் சொல்றீங்க. எனக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றார் மனைவி.

"பரிசீ…" என்று ஆரம்பித்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டார்.

மச்சான் சும்மா இருப்பாரா? "மாப்ள, மலிவா எதையாவது வாங்கி என் தங்கச்சி வேலைக்கு உலை வெச்சிடாதீங்க. நான் வெச்சிருக்கேன் பாருங்க, அதை வாங்குங்க. காகிதம் மாதிரி இருக்கும்" என்றார். அவருடையது உண்மையிலேயே மெலிது, பளபளப்பு, பெயர் சொன்னால் எல்லோருக்கும் தெரியும். விலையைக் கேட்டால் சலூனையே கூடச் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இருவருமாகக் கடைக்குப் போனார்கள். "அண்ணே, வாங்கவா, பரிசீலனையா?" என்று கேட்டார் விற்பனையாளர். இவர் புதிதாக வந்திருந்த மலிவு ரகத்துக்கு முன்னால் போய் நின்றார். கரும்பலகை நிறம், கொஞ்சம் தடிமன், யாரும் கேள்விப்படாத கம்பெனி. மச்சானுடைய மாடலையும் பக்கத்தில் வைக்கச் சொன்னார். மனைவியை உட்காரவைத்து, "கண்ணை மூடிக்கிட்டு ரெண்டுலயும் அடி" என்றார்.

அந்த அம்மா பழைய தட்டச்சுப் பொறியில் கற்றவர், அழுத்தி அடிக்கும் கை. மெலிந்த கணினியில் விசைகள் தொட்டதுமே தரைதட்டின. நாலு வரிக்குள் விரல் நுனியை உதறிக்கொண்டார். கரும்பலகை நிறக் கணினியில் விசைகள் உள்ளே இறங்கி மேலே வந்தன. கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "இது என் விரலுக்குத் தெரிஞ்ச மாதிரி இருக்கு" என்றார்.

அதோடு விட்டாரா நம் ஆள்? விற்பனையாளரிடம், "உங்க சரக்கு ரூமைக் கொஞ்சம் திறந்து விடுங்க" என்றார். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே கணினியோடு உட்கார்ந்து, கதவைச் சாத்தச் சொல்லி, விசிறியை நிறுத்தச் சொல்லி, ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டார். பாட்டு எதுவும் போடவில்லை. வெறும் மௌனத்தைக் கேட்டார். வெளியே வந்தபோது வியர்வையில் குளித்திருந்தார். "உஸ் இல்ல" என்றார், மனைவியிடம் மட்டும்.

"குறை இல்லாம இல்ல. எழுந்திரிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும், என்னை மாதிரி. பேட்டரி நோஞ்சான், பிளக்குல போட்டுத்தான் வேலை பார்க்கணும். கேமராவுல நம்ம மூஞ்சி ஆவி மாதிரி தெரியும். டாக்டருங்க உன் மூஞ்சியைப் பார்க்கவா போறாங்க?"

"அப்போ?" என்றார் மனைவி.

ஊருக்குச் சொல்லிக் கெட்டால் முடி வெட்டிச் சமாளிக்கலாம். இது கெட்டால் இந்த விரல்கள் மறுபடியும் துண்டுக்குத்தான் போகும். "வாங்கிடலாம்" என்றார். விற்பனையாளர் காதைத் தேய்த்துக்கொண்டு, "என்னண்ணே சொன்னீங்க?" என்று மறுபடி கேட்டார்.

அந்த வாரம் முழுக்க மனிதர் மனிதராக இல்லை. சலூனின் பின்னறையில் மனைவி அடிக்க, முன்னறையில் இவர் முடி வெட்டினார். விசை ஓசை நின்றால் கத்தரி நின்றது. முடி உலர்த்தும் கருவிக்கு விடுமுறை. ஈரத்தலையோடு வெளியே போனவர்கள் முணுமுணுத்தார்கள். வாடிக்கையாளர்களிடம் கணினியைப் பற்றி ஒரு பேச்சில்லை. கன்னம் இரண்டும் மௌனமாகவே மழிக்கப்பட்டன. சிலருக்கு அது பயமாகக்கூட இருந்தது.

கடைசி நாளன்று கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளக் கிளம்பிவிட்டது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இவர் சீப்போடு வாசற்படியில் நின்று, "போச்சா? எல்லாம் போச்சா?" என்றார். வட்டத்தைக் கண்கொண்டு பார்க்க முடியாமல் தெருவுக்கும் பின்னறைக்குமாக நடந்தார். "நீங்க போய் அந்த ஆளுக்குக் கிருதாவைச் சமமா வெட்டுங்க. அது வரும்" என்றார் மனைவி. நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருந்தார். வட்டம் நின்றது. அடித்ததெல்லாம் ஓர் எழுத்துக் குறையாமல் அப்படியே இருந்தது. மாலைக்குள் முடித்து அனுப்பிவிட்டார்.

முடிவு வருவதாகச் சொன்ன நாளன்று மச்சான் முகம் மழிக்க வந்தார். மழிக்க வந்தாரா, முடிவைப் பார்க்க வந்தாரா என்பது நமக்குத் தெரியாதா! "என்ன மாப்ள, உங்க மலிவு மிஷின் இன்னும் உசுரோட இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே சாய்ந்தார். நம் ஆள் நுரையைக் குழைத்து இரண்டு கன்னத்திலும் அப்பினார். ஒரு கன்னம் முடிந்து, மச்சானின் முகத்தை மறுபக்கம் திருப்பும்போது பின்னறைக் கதவு திறந்தது.

மனைவி நின்றுகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. "கெடச்சிடுச்சுங்க! திங்கக்கிழமையே சேரச் சொல்லிட்டாங்க. வாய்க்குள்ளயே பேசுற டாக்டர் ஒருத்தர் இருக்காராம், அவர் பேசினதை முழுசா அடிச்சது நான் மட்டும்தானாம். எப்படிம்மா உங்களுக்கு மட்டும் கேட்டுச்சுன்னு கேக்குறாங்க!"

மச்சான் நுரைக்குள்ளிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பரிசீலனை அண்ணன் கத்தியை மடித்துப் பத்திரமாக மேடையில் வைத்தார். கைகளைத் துண்டில் துடைத்தார். நாற்காலியின் முதுகை இரண்டு கைகளாலும் பிடித்து, பாதி மழித்த முகத்தோடு இருந்த மச்சானை ஒரு முழுச்சுற்றுச் சுற்றிவிட்டார். சுற்று ஓய்ந்து நாற்காலி நிற்கப்போன சமயத்தில், இன்னும் பலமாக ஒரு தள்ளு தள்ளினார்.