பல்லின் முதுகில் ஒரு புள்ளி

எங்க பட்டறைக்கு வர்றது எல்லாமே தேஞ்சுபோன சாமான்தான். பொக்லைன் பக்கெட்டோட பல்லு, காங்கிரீட்டை உடைக்கிற உளி, கிரஷரோட தாடைத்தட்டு. பாறையையும் பழைய கட்டடத்தையும் கடிச்சுக் கடிச்சு மொக்கையாப் போனதுங்க. தேயுறதுக்குன்னே செஞ்ச சாமானை ஏன் தேஞ்சுதுன்னு கேக்கலாமா? கேப்பாங்க. "போன மாசந்தானம்மா போட்டுக் குடுத்தே"ன்னு சண்டைக்கு வருவாங்க. "நீ என்ன தயிர்சாதத்தையா நோண்டுனே?"ன்னு நான் திருப்பிக் கேப்பேன்.

பட்டறை பெரம்பலூர்லேர்ந்து அரியலூர் போற ரோட்டு மேல இருக்கு. என் வூட்டுக்காரர் போட்டது. எங்க ரெண்டு வூட்டுலயும் அதுக்கு முந்தி சொந்தக் காடுன்னு ஒரு துண்டு கிடையாது. அடுத்தவங்க வெங்காயக் காட்டுலயும் பருத்திக் காட்டுலயும் களையெடுத்துப் பொழைச்சவங்க. அவரு திருச்சியில வெல்டிங் கத்துக்கிட்டு வந்து நாலு தகரத்தை நிறுத்தி உக்காந்தாரு. வேலை சுத்தம், ஆனா கண்ணாடி போட மாட்டாரு. கத்திக் கத்தி என் தொண்டைத் தண்ணி வத்துனதுதான் மிச்சம். கடைசியில ரெண்டு கண்ணும் மங்கி, இனிமே நெருப்புப் பக்கமே போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் நான் வெல்டிங் ராடைக் கையில எடுத்தேன். ஊரு சிரிச்சுது. சிரிச்சவங்க யாரும் எங்க வூட்டுக்கு அரிசி கொண்டாந்து போடல, அதனால நானும் அதைக் காதுல வாங்கல.

வேலை இதுதான். பல்லுல தேயுற எடமாப் பாத்து, கெட்டி ராடை உருக்கிக் கோடு கோடா ஏத்தணும். அந்தக் கோடு முதல்ல தேயும், அது தேயுற வரைக்கும் பல்லு பொழைச்சுக் கெடக்கும். கோடு முடியுற எடத்துல ராடை வெடுக்குனு இழுத்தா அங்க குழி விழும், குழியிலேர்ந்து வெடிப்பு கெளம்பும். அதனால நான் அங்கேயே ஒரு சுத்து சுத்தி, மருதாணி வெக்கிற மாதிரி உருண்டையா ஒரு புள்ளி வெச்சு நிறுத்துவேன். பல்லோட முனை எவ்வளவு தேஞ்சாலும் முதுகுல இருக்கிற புள்ளி அப்படியே இருக்கும். என் வூட்டுக்காரர் வெரலால தடவிப் பாத்தே, இது உன் கைன்னு சொல்லிருவாரு.

எனக்கு ஒரே தம்பி. சொந்தமா பொக்லைன் வெச்சு ஓட்டுறான். அந்த வண்டிப் பல்லு என் கையைத் தவிர வேற கைக்குப் போனதில்ல. என் மக பொறந்தன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டு, வர்றவங்க போறவங்க வாயில எல்லாம் சக்கரையைக் கொட்டுனவன் அவன். காதுகுத்து என் மடியிலதான், தோடு நான்தான் எடுப்பேன், மச்சான் குறுக்க பேசக்கூடாதுன்னு அன்னைக்கே சொல்லி வெச்சுட்டான். தாய்மாமன் மடிக்கு மேல என்ன இருக்கு. எனக்கு அன்னைக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்ல.

போன வருஷம், வெங்காயம் நட்டுக்கிட்டிருந்த சமயம். விக்கிரமங்கலம் பக்கம் ஒரு பழைய அரிசி மில்லை இடிச்சாங்க. இடிச்ச காங்கிரீட்டை அங்கேயே அரைச்சு ஜல்லியாக்கி, அதே எடத்துல வரப்போற கல்யாண மண்டபத்துக்குக் கொட்டுறதா ஏற்பாடு. அதுக்காக ஒரு கிரஷரைக் கொண்டாந்து நிறுத்தியிருந்தாங்க. அள்ளிப் போட ரெண்டு பொக்லைன். ஒண்ணு தம்பியோடது. இன்னொண்ணு விழுப்புரம் பக்கத்துலேர்ந்து வந்தது. அதை ஓட்டுனவரும் அந்தப் பக்கத்து ஆள்தான், இங்க அவருக்குத் தெரிஞ்ச மொகம் ஒண்ணு கிடையாது.

கிரஷருக்கு அள்ளிப் போடுறவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அப்பப்ப வண்டியை நிறுத்தி, கீழ எறங்கி, பக்கெட்டுல பல்லு எல்லாம் இருக்கான்னு ஒரு பார்வை பாத்துடணும். பல்லைப் புடிச்சிருக்கிற பின்னு தெறிச்சுப் பல்லு கழண்டா, அது இடிபாட்டோட சேந்து கிரஷர் வாய்க்குள்ள போயிரும். இரும்பு அரையுமா? தாடைக்கு நடுவுல மாட்டும், இல்லாட்டி வழுக்கிக்கிட்டு மேல பாயும். புளியங்கொட்டையை ரெண்டு வெரலுக்கு நடுவுல வெச்சு அமுக்குனா பாயுமே, அப்படி. அதனால ஒரு பல்லைக் காணோம்னா கிரஷரை நிறுத்திட்டு எல்லாரும் தேடணும். தேடுற நேரம் பூரா வேலை நிக்கும், வேலை வாங்குறவங்க மொகத்தைப் பாக்க முடியாது. அதுக்குப் பயந்தே சில பேரு எறங்கிப் பாக்காம இருந்துடுவாங்க.

அன்னைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முந்தி ஒரு பல்லு உள்ள போச்சு. கிரஷர் மேல நின்னு, மாட்டுற கல்லைக் கடப்பாரையால தள்ளிவிட்டுக்கிட்டிருந்தவர் முட்டியில வந்து அடிச்சுது. குன்னத்துக்காரர். மழை பேஞ்சா மக்காச்சோளம் போடுவாரு, மத்த நாள்ல கிரஷர் வேலை. எங்க பட்டறைக்கு வந்தா என் மகளுக்குக் கடலைமிட்டாய் இல்லாம வர மாட்டாரு. நல்ல உசரம், நல்ல ஆகிருதி. முட்டிச்சில்லு நொறுங்கிப்போச்சு, இனிமே கால் மடங்காதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க.

யாரு வண்டிப் பல்லுன்னு பாத்தா, ரெண்டு வண்டியிலயும் ஒவ்வொண்ணு இல்ல. என்னுது ஆலத்தியூர்ல சுண்ணாம்புக்கல்லு அள்ளுன வேலையிலயே விழுந்துருச்சு, இது அந்த வண்டியோடதுன்னு தம்பி சொல்லிட்டான். என்னுதும் இங்க வர்றதுக்கு முந்தியே போயிருச்சுங்கன்னு அந்த ஆளும் சொல்லியிருக்காரு. யார் பேச்சு எடுபடும்? நம்மூருப் பையன் பேச்சுதான் எடுபட்டுச்சு. அந்த ஆளோட வண்டிச்சாவியைப் புடுங்கி வெச்சுக்கிட்டு, மில்லுச் செவுத்தோரமா உக்கார வெச்சுட்டாங்க.

சாயங்காலம் மில்லு வேலை மேஸ்திரி அந்தப் பல்லைச் சிமெண்டுச் சாக்குல சுத்திப் பட்டறைக்குக் கொண்டாந்தாரு. கூடவே தம்பி. அந்த வெளியூர் ஆளையும் அழைச்சிட்டு வந்திருந்தாங்க. ரெண்டு வண்டிக்கும் ஒரே அளவுப் பல்லு, ஒரே வார்ப்பு, பாத்தா வித்தியாசம் தெரியாது. எப்படியாவது இதை முடிச்சுவிட்டாப் போதும்னு இருந்துச்சு மேஸ்திரிக்கு. நீ போட்டது இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிரும்மா, நாங்க பாத்துக்குறோம்னாரு.

சாக்கைப் பிரிச்சேன். ஒரு பக்கம் தாடையில ஒரசிப் பளபளன்னு இருந்துச்சு. ஓரத்துல ரத்தம் காஞ்சிருந்துச்சு. திருப்பி முதுகைப் பாத்தேன். கோடு, கோடு முடியுற எடத்துல புள்ளி. ஆலத்தியூர் வேலையெல்லாம் முடிச்சுட்டு வந்து, மில்லு வேலைக்குப் போறதுக்காக நான் போட்டுக் குடுத்த கோடு அது. முழு செட்டா எண்ணி வாங்கிட்டுப் போனவன் தம்பி.

அவன் என்னைப் பாக்கவே இல்ல. என் மகளைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு அது முடியைக் கோதிவிட்டுக்கிட்டிருந்தான். எனக்கு அதுதான் தாங்கல. அந்த வெளியூர் ஆளும் என் மொகத்தைப் பாக்கல. அக்காகிட்டயே கொண்டாந்து கேக்குறாங்களே, இனிமே பேசி என்னன்னு முடிவு கட்டிட்டாரு போல, தரையைப் பாத்துக்கிட்டு நின்னாரு. சட்டையெல்லாம் சிமெண்டுத் தூசி. மத்தியானத்துலேர்ந்து யாரும் ஒரு வாய் தண்ணி குடுத்த மாதிரி தெரியல.

என் வூட்டுக்காரர் கையை நீட்டுனாரு. பல்லைக் குடுத்தேன். தடவிக்கிட்டே போன கட்டைவெரல் புள்ளி மேல வந்து நின்னுச்சு. அப்படியே என் கையிலயே திருப்பிக் குடுத்துட்டாரு. மனுஷன் எனக்காக ஒரு பொய்யைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம், இல்ல அவரே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ரெண்டும் இல்லாம என் தலையில கட்டிட்டாரு. அந்தக் கோவம் எனக்கு இன்னும் ஆறல.

பொய் சொல்லிருவோமான்னு நெனைச்சேன். நெனைக்கலன்னு சொன்னா அது பொய். அம்மா ஞாபகம் வந்துச்சு, காதுகுத்து ஞாபகம் வந்துச்சு. ஆனா கையில இருக்கிறது என் கை வேலை. அதைப் பாத்துக்கிட்டே எப்படி இல்லேங்குறது? அந்த மனுஷன் வேற தூசியும் தும்புமா எதுக்க நிக்கிறாரு.

"இது நான் போட்டது. தம்பி வண்டியோடது"ன்னேன்.

தம்பி என் மகளை மெதுவாக் கீழ எறக்கிவிட்டான். "ஒரு வார்த்தைதானக்கா கேட்டோம்"னான். அவ்வளவுதான், பைக்கை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். அந்த வெளியூர் ஆளு என்னைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாரு. எனக்கு வந்த ஆத்திரத்துல, கும்பிடாதீங்க, சாவியை வாங்கிட்டுப் போய் முதல்ல சாப்பிடுங்கன்னு வெரட்டிவிட்டேன்.

குன்னத்துக்காரர் வைத்தியம் பூரா தம்பிதான் பாத்தான், அதுல அவனை ஒண்ணும் கொறை சொல்ல முடியாது. அவரு இப்ப ஒரு கால் விறைச்சபடிதான் நடக்குறாரு. கிரஷர் மேல ஏற முடியாது, எடைமேடையில உக்கார வெச்சிருக்காங்க. கடலைமிட்டாய் மட்டும் இன்னும் கொண்டாருவாரு. தம்பிக்கு வேலை கொறைஞ்சுபோச்சு, பல்லை விட்டுட்டுப் பொய் சொன்னவன்னு பேரு. அம்மா போன்ல அழுதுச்சு. கூடப் பொறந்தவனைக் காட்டிக் குடுத்துட்டியேன்னு கேட்டுச்சு. போனைக் கையில வெச்சுக்கிட்டு நானும் அழுதேன்.

என் மகளுக்குக் காது குத்தல. ஒண்ணுவிட்ட தம்பி ஒருத்தன் இருக்கான், அவன் மடியில உக்கார வெச்சுக் குத்திடலாம்னு மாமியார் சொன்னாங்க. முடியாதுன்னுட்டேன். வீம்புதான், ஆமா. உரிமைக்காரன் உசுரோட இருக்கான், என் புள்ளை எதுக்கு எரவல் மடியில உக்காரணும்? பால்வாடியில மத்த புள்ளைங்க கேலி பண்ணுதுன்னு வந்து மூக்கை உறிஞ்சும். எப்பம்மா குத்துவேன்னு கேக்கும். உன் மாமன் வந்ததும் குத்துவோம்பேன். வருவான்னு எனக்கே நம்பிக்கை இல்ல. அவன் வண்டியை டிரெய்லர்ல ஏத்திக்கிட்டு இந்த ரோட்டு வழியாத்தான் போவான். பட்டறைப் பக்கம் வந்தா முன்னாடியெல்லாம் ஆரன் அடிப்பான். இப்ப அடிக்கிறதில்ல. நானும் தலையைத் தூக்க மாட்டேன்.

இந்த வருஷம் மக்காச்சோளம் ஒடிச்சு முடிச்ச சமயம், லோடு ஆட்டோக்காரர் ஒருத்தர் ஒரு சாக்குப் பல்லை எறக்கிவிட்டுப் போனாரு. யார் அனுப்புனதுன்னு கேட்டா, சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கன்னாரு. அவரு சொல்லித்தான் தெரியணுமா? கோடெல்லாம் அழிஞ்சு, முதுகுல என் புள்ளி மட்டும் மிச்சம் இருந்துச்சு. வருஷம் பூரா வேற யார்கிட்டயும் குடுக்காம, தேஞ்ச பல்லையே போட்டு ஓட்டியிருக்கான் கிறுக்கன்.

அன்னைக்கு நான் ஒரு காரியம் பண்ணுனேன். பழைய புள்ளியை எல்லாம் கிரைண்டரால ஒரசி எடுத்தேன். புதுக் கோடு போட்டப்ப புள்ளி வெக்காம, ராடைப் பின்னாடி கொண்டாந்து கோட்டுக்குள்ளயே முடிச்சேன். கெட்டிதான் அதுவும். அந்தப் புள்ளிதான என் தம்பியை என்கிட்டேர்ந்து பிரிச்சுது? இனிமே எந்தப் பல்லு எங்க விழுந்தாலும் யாரும் என்கிட்ட வந்து கேக்க வேணாம். இன்னொரு தடவை அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. என் வூட்டுக்காரர் ஒவ்வொண்ணாத் தடவிப் பாத்தாரு. ஆட்டோக்காரர் வந்து சாக்கை எடுத்துட்டுப் போனாரு.

மறுநாள் சாயங்காலம் பட்டறைக்கு முன்னாடி பைக்கு நின்னுச்சு. தோள்ல அதே சாக்கு. எளைச்சுப்போய் தாடியும் கீடியுமா நின்னான் தம்பி. சாக்கை என் காலடியில போட்டான். இத்தனை நாள் கழிச்சு வந்தவன், நல்லாருக்கியான்னு கூடக் கேக்கல.

"புள்ளி எங்கக்கா?"ன்னான்.

உனக்காகத்தான்டா வெக்கலன்னேன்.

"வெச்சுக் குடு. நாளைக்கு ஒண்ணு விழுந்தா அது என்னுதுன்னு தெரியணும். அன்னைக்கு அந்தாளு செவுத்தோரமா உக்காந்திருந்தாரே, அது கண்ணை விட்டுப் போக மாட்டேங்குதுக்கா."

மொகமூடியை மாட்டிக்கிட்டு உக்காந்தேன். அழுறது தெரியாதுல்ல. ஆனா கண்ணுல தண்ணி கட்டுனா புள்ளி நீண்டுரும். முதல் புள்ளி நீண்டுதான் போச்சு. அடுத்ததுலேர்ந்து சரியா வந்துச்சு. ஒவ்வொண்ணும் ஆற ஆற என் வூட்டுக்காரர் தடவிப் பாத்து, சாக்குல எடுத்துப் போட்டாரு. தம்பி கடைசிப் பல்லு வரைக்கும் நின்ன எடத்துலயே நின்னான்.

பால்வாடி விட்டு என் மக வந்துச்சு. தூணைப் புடிச்சுக்கிட்டு அவனையே பாத்துச்சு. அவன் பார்வை அது காதுக்குப் போச்சு.

"இன்னும் குத்தலியாக்கா?"

"மடி இல்லாம எங்கேர்ந்துடா குத்துறது?"ன்னேன்.

அவன் டிரம்முத் தண்ணியில கையைக் கழுவி லுங்கியில தொடைச்சுக்கிட்டான். நாங்க உக்கார்றதுக்குப் போட்டிருக்கிற பழைய தாடைத்தட்டு மேல சம்மணம் போட்டு உக்காந்து, வாம்மான்னு மடியைத் தட்டுனான். என் மக என் மொகத்தைப் பாத்துச்சு. மாமன்தான், போன்னேன். மெதுவாப் போய் அவன் மடியில உக்காந்து, ரெண்டு காதையும் கையால பொத்திக்கிட்டு, "இப்பவேவா மாமா?"ன்னு கேட்டுச்சு.