அவள் எப்போது அப்படிச் சொன்னாள்?

போன வாரம் மயிலாப்பூர் டெண்ட் கொட்டகையில் ஒரு ஊமைப் படம் பார்த்தேன். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஊரே பேசும் படத்துக்கும் பாட்டுக்கும் ஓடுகிறது... இதை யார் சீண்டுவார்கள்? பாதி பெஞ்சு காலி!

கதை இவ்வளவுதான். ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரே வீடு — பேச்சுவார்த்தை கிடையாது. சண்டையும் இல்லை. அவள் பரிமாறுகிறாள், அவன் சாப்பிடுகிறான். வசனம் எழுதிய அட்டைகூட அபூர்வமாகத்தான் வருகிறது.

"இன்னா நைனா, சண்டையாவது போடக் கூடாதா?" என்று பக்கத்திலிருந்த ரிக்ஷாக்காரர் கொட்டாவி விட்டார்.

எனக்குக் கொட்டாவி வரவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம், பெண்கள் பகுதியில், என் மனைவி ஞானம் இருந்தாள். சாந்தோமை விட்டு மாம்பலத்தில் புது வீட்டுக்குப் போகலாம் என்று நான் சொன்னதிலிருந்து அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுப்பு சொல்லாவிட்டால் சம்மதம்தானே? வருகிறோம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியும் விட்டேன்.

திரையில் கணவன் ஊரைவிட்டுப் போகப் பெட்டி கட்டினான். மனைவி வாசற்படியில் நின்று அவனையே பார்த்தாள். அட்டை எதுவும் வரவில்லை. படத்துக்கு விளக்கம் சொல்கிறவர் எத்தனை நேரம்தான் சும்மா நிற்பார்? கணீரென்று எடுத்துவிட்டார்:

"பிராணநாதா! தங்கள் சித்தம் என் பாக்கியம்!"

"அவ எப்போ அப்படிச் சொன்னா? அவளை யாராவது கேட்டாங்களா?"

தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். கொட்டகை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஞானத்தின் குரல் எனக்குத் தெரியாதா?

படம் விட்டு நடந்து வந்தோம்.

"இப்போ கேக்கிறேன் ஞானம்... மாம்பலம் போக உனக்கு இஷ்டமா?"

அவள் நின்று என் பக்கம் திரும்பினாள்.

"வெள்ளிக்கிழமையானா கல்லறைக்குப் போய்ப் பிள்ளையைப் பாத்துட்டு வர்றேன். அங்கேருந்து எப்படிங்க வர்றது?"

பிறந்த மாதமே போய்விட்ட எங்கள் தலைச்சன் பிள்ளை. அவள் அழுவாளே என்று நான் அவன் பேச்சை எடுப்பதில்லை. நான் தாங்க மாட்டேன் என்று அவள் எடுப்பதில்லையாம். கல்லறைக்குப் போய்வருவதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மாம்பலத்துக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த வெள்ளிக்கிழமை இருவருமாகப் போனோம். வழிநெடுக அவள் பிள்ளையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

அவனுக்கு என் மூக்காம்... இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது!