பாலத்துக்கு முன்னால் ஒரு விளம்பரம்

வாசற்கதவைத் தாளிட்டுவிட்டு, அழைப்பு மணியின் சுவிட்சையும் அணைத்துவிடுகிறாள் ஹம்சா. கைபேசியை ஊமையாக்கி அரிசி டப்பாவின் மேல் கவிழ்த்து வைக்கிறாள். தம்பி பரத்வாஜின் பிரம்பு நாற்காலிக்கு வலப்பக்கம் ஒரு முக்காலி. அதன் மேல் டம்ளரில் தண்ணீர், சின்னக் கிண்ணத்தில் ஒரே ஒரு வெள்ளை மாத்திரை. ரசம் சாதமும் வாழைக்காய்க் கறியும் இருக்கும் தட்டு அவன் மடிக்கு வந்ததும், ரிமோட்டை எடுத்து அமுக்குகிறாள். டீவிக்குக் கீழே இருக்கும் கறுப்புப் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. படம் ஆரம்பிக்கிறது. இனி அது முடிகிறவரை ராஜா அண்ணாமலைபுரமே தீப்பிடித்தாலும் இந்த வீட்டுக் கதவு திறக்காது.

ஹம்சா பாட்டு டீச்சர். கூடத்துப் பாயில் அவள் எதிரே உட்காரும் பிள்ளைகளைவிட, அவர்களைக் கொண்டுவந்து விடும் தாய்மார்களுக்குத்தான் பயம் அதிகம். அவள் யாரையும் திட்டியதில்லை. பாடும்போது தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருக்கும் அவள் கை, ஒரு ஸ்வரம் பிசகினால் அப்படியே நின்றுவிடும். அவ்வளவுதான். கை நின்றதும் பிள்ளைகள் தாமாகவே முதலிலிருந்து ஆரம்பிக்கும். அவள் காதுக்கு விடுமுறையே கிடையாது. குக்கர் விசில் போன வாரத்தைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று சொல்லி கேஸ்கட்டை மாற்றியவள் அவள். கோயில் ஒலிபெருக்கியில் நாகஸ்வரம் கேட்டால், அதன் ஊதுநாணலை நினைத்து, "பாவம், பனியில நனைஞ்சிருக்கு சீவாளி" என்பாள்.

இவ்வளவு காது இருந்தும் தன் குரலை அவள் ஒருபோதும் பதிவு செய்ததில்லை. மாணவிகள் கேட்டுப் பார்த்தாகிவிட்டது, சபாக்காரர்களும் கேட்டுவிட்டார்கள். "இன்னும் சரியா வரலைம்மா. வரட்டும், பாக்கலாம்" என்று தள்ளிப்போட்டே தலை நரைத்துவிட்டது.

பரத்வாஜுக்கு நாற்பத்தைந்து வயது. பிறக்கும்போது மூச்சு தாமதித்ததில் அவனுக்கு உலகம் சின்னதாகவே அமைந்துவிட்டது. அதில் இந்த வீடு, அக்கா, பால்கனியிலிருந்து தெரியும் வேப்பமரம், பிறகு பஸ் படம். வழி தவறி மலைக்கிராமம் ஒன்றுக்குப் போய்விடும் டவுன் பஸ்ஸின் கதை அது. வந்த வாரமே தியேட்டரை விட்டுப் போன படம், பெயர்கூட யாருக்கும் நினைவிருக்காது. ஆனால் பரத்வாஜுக்கு ராத்திரிச் சாப்பாடு என்பதே அந்தப் படம்தான். அது ஓடினால் வாய் திறக்கும், ஓடாவிட்டால் திறக்காது. சாப்பாட்டோடு வலிப்பு மாத்திரையும் போகவேண்டும் என்பதால் இதைச் செல்லம் என்றோ பிடிவாதம் என்றோ சொல்லி ஒதுக்கிவிட முடியாது.

அம்மா இருந்த காலத்தில் ஏதோ ஒரு ஓடிடியில் அது கிடைத்தது. அக்காவும் தம்பியும் நிம்மதியாக இருந்தார்கள். அப்புறம் அந்தக் கம்பெனிக்கு ஆசை பெருத்தது. சந்தா கட்டினவர்களுக்கும் படத்தின் நடுவில் விளம்பரம் போட ஆரம்பித்தது. பஸ் மலைப்பாலத்தில் ஏறப்போகும் சமயம், சரியாக அந்த இடத்தில், ஒரு பெருங்காய விளம்பரம். "சிட்டிகை போட்டா தெருவே மணக்கும்" என்று ஒரு பெண் பாடுவாள். கடைசி 'மணக்கும்' ஆதார ஸ்வரமான ஸட்ஜத்தில் வந்து சேராமல் நூலிழை கீழே தொங்கும். ஹம்சாவுக்கு அது காதில் ஈயம் ஊற்றுவதுபோல. "காசையும் வாங்கிண்டு கழுத்தையும் அறுக்கறான் பாரு" என்று தினமும் புலம்புவாள். ஆனால் அந்த இடைவேளை நாளடைவில் ஒரு வேலைக்குப் பயன்பட்டது. பாட்டு முடிந்ததும் பரத்வாஜ் வலது கையை நீட்டுவான். அவள் மாத்திரையை வைப்பாள். அவன் விழுங்கித் தண்ணீர் குடித்ததும் பஸ் பாலத்தில் ஏறும்.

ஒருநாள் படம் காணாமல்போனது. தேடினால், 'இப்போது கிடைக்கவில்லை' என்று ஒரு வரி. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டாள்.

"மேடம், அந்த டைட்டிலோட லைசென்ஸ் முடிஞ்சிடுச்சு மேடம். அதே மாதிரி பஸ் வர்ற படம் நிறைய இருக்கு. ரெகமண்ட் பண்ணட்டுமா மேடம்?"

"அவனுக்கு பஸ் வேண்டாம்மா. அந்த பஸ்தான் வேணும்."

அந்தப் பெண் என்ன செய்வாள், பாவம். மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். படம் வேறொரு ஓடிடிக்குப் போயிருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே சந்தா கட்டினாள் ஹம்சா. அவர்களிடமும் அதே பெருங்காயம் பாடியது. அப்பாடா என்று உட்கார்வதற்குள் அங்கிருந்தும் தூக்கிவிட்டார்கள். இந்தமுறை எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. பரத்வாஜ் கறுப்புத் திரையைப் பார்த்தபடி தட்டைத் தள்ளிவிட்டான். மாத்திரையைத் துப்பினான். மூன்றாம் நாள் சாயங்காலம் குளியலறை வாசலில் வலிப்பு வந்து விழுந்தான். நெற்றியில் தையல் போட்டு ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தபோது, ஆட்டோவில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஹம்சா வாய்விட்டு அழுதாள். வீட்டில் அழாதவள் அவள்.

தியாகராய நகரில், உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் நல்லசிவம் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். திருநெல்வேலிக்காரர். அவர் மகள் ஹம்சாவிடம் பாட்டு கற்றுக்கொண்டவள். அவரிடம் போய் நின்றாள் ஹம்சா.

"எங்காத்து அலமாரியில இருக்கிற புஸ்தகத்தை யாராவது வந்து எடுத்துண்டு போவாளா? இவா மட்டும் எப்படி எடுத்துண்டு போறா, நல்லசிவம்?"

"அது நம்ம அலமாரி இல்லைல்லா, டீச்சர். நாம இத்தன நாளும் வாடகைக்குல்லா பாத்துருக்கோம். சொந்தமா வீட்டுல ஒரு பெட்டி போட்டுருவோம். அதுல படத்த ஏத்தி வச்சிட்டா எவன் வந்து எடுப்பான்? நெட்டும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம்."

பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருக்கும் என்று விளக்கினார். ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதிலும் இருக்கும். ஒன்று கெட்டாலும் மற்றது நின்று ஓடும்.

ஹம்சா அந்த இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தாள். "மூத்தது போயிட்டா, இளையது தனியா எத்தனை நாள் ஓடும்?" என்று கேட்டாள்.

நல்லசிவம் மேசையிலிருந்த கீபோர்டைக் கவிழ்த்துத் தூசி தட்ட ஆரம்பித்தார்.

படத்துக்கு அசல் டிவிடி வேண்டியிருந்தது. கொட்டிவாக்கத்தில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி, தன் அப்பாவின் அலமாரியைக் குடைந்து கொண்டுவந்து கொடுத்தாள். நல்லசிவம் அதைத் துடைத்து, கீறலெல்லாம் சரிபார்த்து, பெட்டியில் ஏற்றி, அவரே வீட்டுக்கு வந்து மாட்டிக்கொடுத்தார். "விளம்பரமே கெடையாது டீச்சர். கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று பெருமையோடு சொல்லிவிட்டுப் போனார். ஹம்சா அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

பஸ் மலையேறியது. பரத்வாஜ் ரசம் சாதத்தைப் பாதி சாப்பிட்டுவிட்டு, கையைத் தயாராக வைத்துக்கொண்டான். பஸ் நிற்காமல் பாலத்தில் ஏறிப் போய்விட்டது. அவன் திரும்பி அக்காவைப் பார்த்தான்.

"பாட்டு" என்றான்.

"பாட்டு இல்லடா பரத்து. அந்தத் தொல்லையெல்லாம் ஒழிஞ்சுது. இந்தா, மாத்திரை."

"பாட்டு... பாட்டு..." நாற்காலிக் கையை அடிக்கத் தொடங்கினான். தட்டு கவிழ்ந்தது. பாயசத்தை யாரும் தொடவில்லை. மறுநாள் மாத்திரையைப் பொடித்து ரசத்தில் கலந்தாள். ஒரு வாய் சாப்பிட்டதுமே கண்டுபிடித்துத் துப்பினான். அப்போதுதான் ஹம்சாவுக்கு உறைத்தது. அவள் படத்துக்கு நடுவே வந்த குப்பை என்று நினைத்ததை அவன் படத்தின் பாதியாக வைத்திருந்தான்.

விளம்பரத்தைத் தேடச் சொன்னாள். நல்லசிவம் எங்கெங்கோ தேடினார். அந்தக் கம்பெனியே புதுப் பாட்டுக்கு மாறியிருந்தது. "வெளம்பரத்த எவன் டீச்சர் சேத்து வப்பான்? எல்லாவனும் அத எப்படா தாண்டுவோம்னுல்லா பாக்கான்" என்று கையை விரித்தார்.

வேறு வழியில்லாமல், பாலம் வரும்போது படத்தை நிறுத்திவிட்டு ஹம்சாவே பாடினாள். பழகின தொண்டை, தன்னையறியாமல் கடைசி ஸ்வரத்தைக் கொண்டுபோய் ஸட்ஜத்தில் கச்சிதமாக உட்காரவைத்தது. பரத்வாஜ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "இல்ல, இல்ல" என்றான். அக்காவுக்குக் காது எப்படியோ, தம்பிக்கும் அப்படித்தான். ஒரே வயிற்றில் பிறந்ததை அந்தக் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் இப்படி நிரூபித்ததில்லை.

சுருதி தவறுவது லேசு என்று நினைக்கிறவர்கள் ஹம்சாவைக் கேட்கவேண்டும். சுருதிப்பெட்டியை மூடிவைத்துவிட்டு, மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போதெல்லாம் அந்த ஒரு வரியைச் சாதகம் செய்தாள். அதிகம் இறங்கினாலும் அவன் ஒப்புக்கொள்ளவில்லை, கொஞ்சமாக இறங்கினாலும் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் ஒருநாள், அந்த நூலிழையில் குரல் போய் நின்றபோது, பரத்வாஜ் சாதாரணமாகக் கையை நீட்டினான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

இதோடு முடிந்திருக்கவேண்டும். மழைக்காலத்தில் ஹம்சாவுக்குத் தொண்டை கட்டி, இரண்டு நாள் குரலே வரவில்லை. மறுபடியும் தட்டு கவிழ்ந்தது. குரல் திரும்பியதும் அவள் நேராகத் தியாகராய நகருக்குத்தான் போனாள்.

"நீங்க பாடுதத பதிஞ்சு, பாலத்துக்கு முன்னால படத்த நிப்பாட்டி, அந்த எடத்துல சேத்து, மாத்திர முழுங்க கொஞ்சம் நேரமும் விட்டுருவோமே. வீட்டுல யாரு இருந்தாலும் இல்லாட்டாலும் அது பாடும்" என்றார் நல்லசிவம். சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்து, முகம் சுருங்கியது.

ஹம்சா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கீழே ஜவுளிக்கடை வாசலில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. "இத்தனை பாட்டு பாடியிருக்கேன். கடைசியில என் குரல்னு மிஞ்சப்போறது இதுதானா?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். பிறகு கைப்பையைக் கீழே வைத்துவிட்டு மைக்கின் முன்னால் உட்கார்ந்தாள்.

பாடி முடித்ததும் நல்லசிவம் தயங்கித் தயங்கி, "இன்னொரு வாட்டி பாடுதியளா டீச்சர்? கடைசில ஒரு பொட்டு எறங்கினாப்ல இருந்திச்சு" என்றார்.

"இறங்கித்தான் இருக்கணும். அப்படியே வெச்சுடுங்கோ."

ஆகவே இன்றைக்கும் படத்தைப் போட்டுவிட்டு ஹம்சா கூடத்தில் உட்காரவில்லை. சமையலறைக்குள் போய், மேடையில் சாய்ந்து, கூடத்துக்கு முதுகைக் காட்டியபடி நிற்கிறாள். மாத்திரையை அவனே எடுத்துப் போட்டுக்கொள்ளப் பழகட்டும் என்று ஒரு வாரமாக இப்படித்தான். முதல் சில நாட்கள் அவன் "அக்கா" என்று கூப்பிட்டபோது ஓடிப்போய்க் கொடுத்துவிட்டாள். நேற்று அவன் கூப்பிடவும் இல்லை, மாத்திரையை எடுக்கவும் இல்லை. பாத்திரங்கள் கழுவியாகிவிட்டன. செய்வதற்கு ஒன்றுமில்லை. பஸ் இரைந்துகொண்டு மலையேறுவது கேட்கிறது. பிறகு அந்த இரைச்சல் நிற்கிறது.

கூடத்திலிருந்து அவள் குரல் பாடத் தொடங்குகிறது. அவள் கை தொடையில் தாளம் தட்டுகிறது. 'தெருவே' வரைக்கும் நேராக வந்த குரல், 'மணக்கும்' என்ற இடத்தில் நூலிழை கீழே சரிகிறது. கை நிற்கவில்லை. பாட்டு முடிந்து வீடு நிசப்தமான பிறகும், முக்காலியில் டம்ளர் திரும்ப வைக்கப்படும் சத்தம் கேட்கிறவரை, அது தட்டிக்கொண்டே இருக்கிறது.