யாருக்கும் கொடுக்காத ஏழு

புதுச் சட்டைக் கட்டைப் பிரித்தேன். ஆறுக்கு அடுத்து எட்டு இருந்தது.

"எனக்கு ஏழு வேணும்ப்பா," என்றாள் மகள். எங்கள் ஊர்ப் பெண்கள் கால்பந்து அணியில் இடது ஓரம் விளையாடுகிறவள்.

ஏழு என் சித்தப்பாவின் எண். அவரும் இடது ஓரம்தான். நான் சிறுவனாக இருந்தபோது சங்கு குளிக்க முங்கியவர் மேலே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அந்த வருடத் திருவிழாப் போட்டியில், இனி அந்த எண் யாருக்கும் கிடையாது என்று கால்பந்துச் சங்கத் தலைவர் மைக்கில் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். சித்தி சித்தப்பாவின் சட்டையோடு மைதானத்துக்குள் வந்தாள்.

"அவரு செத்தாருன்னு யாரு சொன்னா? அவரு வாரது வரைக்கும் எவனாவது இதைப் போட்டு வெளயாடுங்கலே!"

"மரியாதை செய்யுதோம் தாயி," என்றார் தலைவர்.

"ஒம்ம மரியாதைல மண்ணள்ளிப் போட!"

ஒரு பயலும் சட்டையை வாங்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சித்தி இடது கோட்டோரம் அந்தச் சட்டையோடு நின்றாள். எவனும் அந்தப் பக்கம் பந்தைக் கொண்டுபோகவில்லை. பயந்தாங்கொள்ளிகள், தோற்றாலும் வலப்பக்கமே ஓடினார்கள்.

நான் கடைக்குப் போய் ஒரு சட்டையில் ஏழு ஒட்டி வாங்கினேன்.

"ஏன் அண்ணாச்சி வம்பு?" என்றான் சங்கத்துக்காரன்.

"போலே அங்கன."

மகள் ஆட்டம் முழுக்க இடது ஓரத்தில் ஓடினாள். முடிந்ததும், கிழவியாகிவிட்ட சித்தி அவள் முதுகைத் தடவினாள். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"ஈரமா இருக்கே," என்றாள் சித்தி. "இப்பதான் கரையேறுனீகளா?"